பின்னணித் திரையின் கதை: வெள்ளை வானம் முதல் பச்சைத் துணி வரை

திருமண ஆல்பத்தில் மணமக்கள் சுவிட்சர்லாந்தின் பனிமலை முன்னால் நிற்பார்கள். அடுத்த பக்கத்தில் தாஜ்மகால். அதற்கடுத்த பக்கத்தில் மாமல்லபுரம் கடற்கரைக் கோயில். உண்மையில் மூன்று படங்களும் ஒரே அறையில், ஒரே துணிக்கு முன்னால் அரை மணி நேரத்தில் எடுக்கப்பட்டிருக்கும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் 30 கிலோமீட்டர்தான். பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அப்படியிருந்தும் கோயிலைத் துணியின் மேல் வரவழைப்பதுதான் பலருக்கு வசதியாக இருந்தது.

இந்த வித்தைக்குச் சினிமாக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கிரீன் மேட்'. பச்சைத் துணியைக் கட்டி, அதன் முன் ஆளை நிறுத்திப் படமெடுத்து, பிறகு கணினியில் பச்சையை மட்டும் நீக்கிவிட்டு வேறு காட்சியை வைப்பது. கேட்க எளிமையாக இருக்கும். ஆனால் துணியைக் கட்டுவது ஐந்து நிமிட வேலை, அதற்கு விளக்கு வைப்பதுதான் முழு வேலை என்று அந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்வார்கள். அது ஏன் என்று புரிந்துகொள்ள, பின்னணித் திரையின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். அந்த வரலாறு புகைப்படக்கலை தோன்றிய நாளிலிருந்தே தொடங்குகிறது.

வெள்ளை வானம்

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கிலேய ஓவியர்கள் 1792-93இல் தென்னிந்தியாவைச் சுற்றி வந்தபோது மாமல்லபுரத்தையும் வரைந்தார்கள். கட்டடங்களின் அளவு பிசகாமல் இருக்க 'கேமரா அப்ஸ்குரா' என்ற இருட்டுப்பெட்டியைப் பயன்படுத்தினார்கள். பெட்டிக்குள் விழும் பிம்பத்தைத் தாளில் கோடாக இழுத்துக்கொண்டு, மேகத்தையும் வெளிச்சத்தையும் பிறகு தங்கள் விருப்பப்படி சேர்த்துக்கொள்ளலாம். ஓவியருக்கு முன்னணி வேறு, பின்னணி வேறு என்ற பிரச்சினையே இல்லை. இரண்டும் அவர் கையில்தான் இருந்தன.

1839இல் புகைப்படக்கலை அறிவிக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. சென்னையில் 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். 1856இல் மதராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி உருவானது. அதே ஆண்டில் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு போய் அவர் எடுத்த படங்கள் இன்றும் வரலாற்று ஆவணங்களாக இருக்கின்றன.

அந்தக் காலத்துத் தாளிலும் கண்ணாடித் தகட்டிலும் தடவிய ரசாயனத்துக்கு ஒரு விசித்திரமான குணம் இருந்தது. அது நீல ஒளிக்கும் புற ஊதா ஒளிக்கும் மட்டுமே வேகமாக எதிர்வினை புரிந்தது. பச்சை மங்கலாகத்தான் பதியும். சிவப்பு பதியவே பதியாது. இதனால் நீல வானம் முழுக்க வெளிச்சமாகிப் படத்தில் வெறும் வெள்ளையாக வந்தது. தென்னை மரம் கறுப்பாகத் தெரிந்தது. நெற்றிக் குங்குமம் மைப் பொட்டு போல் ஆனது. நீலப் புடவை வெளிறிப்போனது. சென்னையில் இயங்கிய நிக்கோலஸ் கம்பெனி போன்ற நிறுவனங்கள் 19ஆம் நூற்றாண்டில் எடுத்த மாமல்லபுரப் படங்களைப் போல, அந்தக் காலத்துக் கோயில் படங்களில் பெரும்பாலும் வானம் வெற்றுத் தாளாகவே இருப்பதற்கு இதுதான் காரணம்.

டிரைப் இந்த வெற்று வானத்தை விரும்பவில்லை. நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே 1850களில் வேறொரு வழி கண்டுபிடித்தார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. நீலமாக இருந்த ஒரே காரணத்தால் ஒரு பகுதி படத்திலிருந்து தானாகவே 'வெட்டி' எடுக்கப்பட்டுவிட்டது. அந்த வெற்றிடத்தில் வேறொரு வானத்தை வைக்க முடிந்தது. பின்னாளில் வந்த நீலத் திரையும் பச்சைத் திரையும் செய்ததும் இதையேதான். 1850களில் அது குறையாக இருந்தது. 1940இல் அதுவே உத்தியாக மாறியது.

வடக்கு ஜன்னலும் சீனரியும்

மின்விளக்கு வருவதற்கு முன் போட்டோ ஸ்டுடியோ என்றால் கண்ணாடிக் கூரையோ பெரிய ஜன்னலோ உள்ள அறை. அந்த ஜன்னல் வடக்கே பார்த்திருக்க வேண்டும் என்பது ஐரோப்பியப் பாடம். அங்கே சூரியன் எப்போதும் தெற்குப் பக்கமாகவே போவதால், வடக்கு ஜன்னல் வழியாக நேர் வெயில் விழாது. நாள் முழுக்க ஒரே மாதிரியான மென்மையான வெளிச்சம் கிடைக்கும்.

செங்கல்பட்டு ஏறக்குறைய 12.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. இங்கே ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நடுப்பகல் சூரியன் தலைக்கு மேலே இருந்து சற்று வடக்கே சாய்ந்திருக்கும். அதாவது ஐரோப்பியப் புத்தகத்தைப் பார்த்துக் கட்டிய வடக்கு ஜன்னலுக்குள் ஆண்டில் நான்கு மாதங்கள் வெயில் எட்டிப் பார்க்கும். இங்கே வெளிச்சத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை, அதை அடக்குவதுதான் சிரமம். வெள்ளைத் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டுவது அதற்கு இருந்த எளிய வழி. தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான 'கீசக வதம்' 1910களின் பிற்பகுதியில் சென்னையில் ஆர். நடராஜ முதலியாரால் எடுக்கப்பட்டபோதும் இதே உத்திதான் கைகொடுத்தது. மேலே மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டி, அதன் வழியே இறங்கிய சூரிய ஒளியில் படம் பிடித்தார்கள்.

ஆளுக்குப் பின்னால் என்ன இருந்தது? அங்கேதான் 'சீனரி' வருகிறது. நாடக மேடையின் படுதாக்களைப் போல, பெரிய துணியில் தூண்கள், மாடிப்படி, பூந்தோட்டம், ஏரி, மலை என்று வரைந்து தொங்கவிடுவார்கள். தமிழ்நாட்டுச் சிறு நகரங்களின் ஸ்டுடியோக்கள் நூறாண்டுக்கு மேல் இந்தச் சீனரிகளை வைத்தே பிழைத்தன. வீட்டில் நாற்காலியே இல்லாத குடும்பம் கூட, படத்தில் அரண்மனைப் படிக்கட்டின் முன் அமர்ந்திருந்தது.

சீனரிக்கு ஒளி அமைப்பதில் ஸ்டுடியோக்காரர்கள் இரண்டு விதிகளை அனுபவத்தில் கண்டுபிடித்தார்கள்.

முதலாவது, வெளிச்சம் வரும் திசை. ஓவியர் தூணின் வலப்பக்கத்தில் நிழல் தீட்டியிருந்தால், வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்று பொருள். ஆளின் முகத்துக்கும் அதே பக்கத்திலிருந்துதான் வெளிச்சம் வர வேண்டும். இல்லாவிட்டால் ஒரே படத்தில் இரண்டு சூரியன்கள் இருப்பது போலாகிவிடும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் 'ஏதோ ஒட்டவில்லை' என்று தோன்றும்.

இரண்டாவது, நிழல். ஆள் துணிக்கு மிக அருகில் நின்றால் அவரது நிழல் துணியில் விழும். வானத்தின் மேல் ஒரு மனிதனின் நிழல் விழுந்தால் அது வானம் இல்லை, துணி என்பது குழந்தைக்குக் கூடத் தெரிந்துவிடும். அதனால் ஆளைச் சில அடிகள் முன்னால் தள்ளி நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தியதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. சீனரி சற்று மங்கலாகித் துணியின் மடிப்புகள் மறைந்தன.

இந்த இரண்டு விதிகளும் இன்றைய கிரீன் மேட்டுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

கறுப்புத் துணியும் மாஸ்க் ஷாட்டும்

ஒரு படத்திலிருந்து ஆளை மட்டும் பிரித்தெடுத்து வேறு படத்தில் வைப்பதற்கு முதலில் உதவியது கறுப்புத் துணி. கறுப்பிலிருந்து ஒளி வராது. ஒளி வராத இடத்தில் படச்சுருள் பதியாமல் இருக்கும். அதே சுருளைத் திருப்பிச் சுற்றி மறுபடியும் பதிவு செய்யலாம். பிரான்சில் ஜார்ஜ் மெலியே 1898இல் தன் தலையையே கழற்றி மேசை மேல் வைப்பது போல் எடுத்த குறும்படம் இந்த உத்தியில் உருவானது. அமெரிக்காவில் ஃபிராங்க் வில்லியம்ஸ் 1918இல் இதை வளர்த்து, நகரும் உருவத்துக்கும் பொருந்தும்படி காப்புரிமை பெற்றார். 1933இல் வந்த 'தி இன்விசிபிள் மேன்' படத்தில் ஆடை மட்டும் நடந்து போவது இந்த வழியில்தான்.

தமிழ் சினிமாவில் இந்தத் தேவை இரட்டை வேடத்தில் வந்தது. 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யூ. சின்னப்பா இரண்டு வேடங்களில் நடித்தார். இப்படிப்பட்ட காட்சிகளுக்குக் கேமராவின் முன் பாதியை மறைத்து ஒரு முறை எடுப்பார்கள். பிறகு சுருளைப் பின்னால் சுற்றி, மறு பாதியை மறைத்து இரண்டாம் முறை எடுப்பார்கள். இதுதான் 'மாஸ்க் ஷாட்'. கேமரா ஒரு மயிரிழை கூட அசையக் கூடாது. நடிகர் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. இரண்டு முறையும் விளக்குகளின் வெளிச்சம் ஒரே அளவில் இருக்க வேண்டும். மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் திரையின் நடுவே கோடு தெரிந்துவிடும். 1990இல் கமல்ஹாசன் நான்கு வேடங்களில் நடித்த 'மைக்கேல் மதன காமராஜன்' படம் வரை தமிழ் சினிமா இந்த மாஸ்க் வேலையில் பெரும் திறமையைக் காட்டியது.

ஒளியால் மட்டுமே இடத்தை உருவாக்கும் கலையும் சென்னை ஸ்டுடியோக்களில் வளர்ந்தது. 1957இல் விஜயா-வாகினியின் 'மாயா பஜார்' படத்தில் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி உருவாக்கிய நிலவொளி இன்றும் பேசப்படுகிறது. அந்த வெளிச்சத்தைக் கொண்டுவர அவரிடம் இருந்தவை விளக்குகளும் ஃபில்டர்களும் மட்டுமே.

நீலம் வருகிறது

1940இல் அலெக்சாண்டர் கோர்டா தயாரித்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' வெளிவந்தது. திருடனாக நடித்தவர் மைசூர்ப் பகுதியில் யானைப்பாகன் குடும்பத்தில் பிறந்த சாபு. சிறிய சாபுவும் மலை போன்ற பூதமும் ஒரே திரையில் தெரிய வேண்டும். லாரி பட்லர் என்பவர் அதற்கு நீலத் திரையைப் பயன்படுத்தினார். அப்போதைய டெக்னிகலர் கேமரா சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிச் சுருள்களில் பதிவு செய்யும். அதில் நீலச் சுருளை மற்றவற்றோடு ஒப்பிட்டால் திரை எது, ஆள் எது என்று பிரித்துவிடலாம். அந்தப் படத்தின் தந்திரக் காட்சிகளுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

ஏன் நீலம்? மனிதத் தோல் எந்த நாட்டுக்காரருடையதாக இருந்தாலும், வெளுப்போ கறுப்போ, அதன் நிறம் ஆரஞ்சின் வகையைச் சேர்ந்தது. கறுப்பு, மாநிறம், சிவப்பு என்று நாம் சொல்வதெல்லாம் பெரும்பாலும் அந்த ஆரஞ்சின் அடர்த்தி வேறுபாடுதான். ஆரஞ்சுக்கு எதிர்ப்பக்கம் இருப்பது நீலம். ஆகவே முகத்துக்கும் திரைக்கும் குழப்பம் வராது.

ஆனால் முடி, புகை, கண்ணாடி, மெல்லிய துணி இவற்றின் விளிம்புகள் பிசிறடித்தன. இதைத் தீர்த்தவர் பெட்ரோ விளாஹோஸ் என்ற பொறியாளர். 'பென்ஹர்' படத்துக்காக (1959) அவர் வகுத்த முறை, ஒவ்வோர் இடத்திலும் நீலம் பச்சையைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்று அளந்தது. கூடுதல் நிறைய இருந்தால் அது திரை. கூடுதலே இல்லையென்றால் அது ஆள். பாதி இருந்தால் அந்த இடம் பாதி ஊடுருவக்கூடியது, அதாவது ஒரு முடியிழையோ புகையோ. இன்று வீட்டுக் கணினியில் ஓடும் மென்பொருள்கள் வரைக்கும் இந்தக் கணக்கின் வாரிசுகள்தான்.

தமிழ் சினிமா 1990களில் கணினிக்கு மாறியது. மணிரத்னத்தின் 'திருடா திருடா' (1993) சிறந்த சிறப்புக் காட்சிகளுக்கான தேசிய விருதை வாங்கியது. ஷங்கரின் 'இந்தியன்' (1996), 'ஜீன்ஸ்' (1998) படங்களுக்கும் அதே விருது கிடைத்தது. பின்னிரண்டு படங்களிலும் பணியாற்றியவர் எஸ். டி. வெங்கி. 'ஆளவந்தான்' (2001), 'எந்திரன்' (2010) என்று அந்தப் பட்டியல் நீண்டது. 2008இல் வெளியான 'தசாவதாரம்' படத்தில் கமல்ஹாசனின் பத்து வேடங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. அதன் உச்சக்கட்டத்தில் 2004 டிசம்பர் 26 சுனாமி திரையில் மறுபடியும் எழுந்தது. மாமல்லபுரம் கடற்கரையில் உண்மையாகவே ஏறி வந்த அலையை, நான்கே ஆண்டுகளில் கணினி திரும்ப உருவாக்கிக் காட்டியது.

பச்சை எப்படி முந்தியது?

படச்சுருள் இருந்த வரை நீலம் ராஜாவாக இருந்தது. டிஜிட்டல் கேமரா வந்ததும் பச்சை முந்தியதற்குக் காரணங்கள் உண்டு.

கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பின்படி, டிஜிட்டல் கேமராவின் சென்சாரில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு. சிவப்புக்குக் கால் பங்கு, நீலத்துக்குக் கால் பங்கு. மனிதக் கண் பச்சையைத்தான் மிக நுட்பமாக உணர்கிறது என்பதால் இந்த ஒதுக்கீடு. வீடியோவில் வெளிச்ச அளவைக் கணக்கிடும்போதும் பச்சைக்கு 59 சதவீதமும் சிவப்புக்கு 30 சதவீதமும் நீலத்துக்கு 11 சதவீதமும்தான். 2000களில் நம் ஊர்க் கல்யாணங்களை எடுத்த மினி-டிவி கேமராக்கள், இடத்தை மிச்சப்படுத்த நான்கு புள்ளிகளுக்கு ஒரே நிறத் தகவலைத்தான் வைத்துக்கொண்டன. வெளிச்சத் தகவல் மட்டும் முழுமையாக இருந்தது. வெளிச்சத்தில் பெரும்பங்கு பச்சை என்பதால், பச்சைத் திரையின் முன் விளிம்புகள் சுத்தமாக வந்தன. நீலத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் தெரிந்தது.

இன்னொன்று செலவு. பச்சைத் துணி குறைந்த வெளிச்சத்திலேயே பிரகாசமாகத் தெரியும். நீலத் துணிக்கு அதைவிடக் கூடுதல் விளக்குகள் வேண்டும். அதிகம் விளக்குகள் என்றால் அதிக மின்சாரம், அதிகச் சூடு. சிறு ஊர் ஸ்டுடியோவுக்கு இது பெரிய விஷயம்.

துணிக்கு ஒரு விளக்கு, ஆளுக்கு ஒரு விளக்கு

மென்பொருள் எதிர்பார்ப்பது ஒரே ஒரு பச்சையை. துணியின் நடுவில் வெளிர் பச்சை, ஓரத்தில் கரும் பச்சை, மடிப்பில் கறுப்பு என்றிருந்தால் அதற்கு அவை மூன்று நிறங்கள். மூன்றையும் நீக்கச் சொன்னால் ஆளின் தலைமுடியையும் சேர்த்துத் தின்றுவிடும். ஆகவே முதல் வேலை, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, எல்லா இடத்திலும் ஒரே அளவு வெளிச்சம் விழச் செய்வது.

ஒரே விளக்கை முன்னாலிருந்து அடித்தால் இது நடக்காது. சிறிய விளக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகக் குறையும். விளக்குக்கு 4 அடியில் இருக்கும் ஓரமும் 8 அடியில் இருக்கும் ஓரமும் ஒரே மாதிரி தெரிய வாய்ப்பே இல்லை. இடமும் வலமும் ஒவ்வொரு விளக்கை வைத்து, ஒவ்வொன்றையும் துணியின் எதிர் ஓரம் நோக்கித் திருப்பினால், ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். வெள்ளைத் துணியோ டிரேசிங் பேப்பரோ முன்னால் கட்டினால் இன்னும் சீராகும். நடராஜ முதலியார் காலத்து வெள்ளைத் துணியின் வேலையும் இதுவேதான்.

சாதாரண டியூப் லைட்டுக்கு இங்கே ஒரு மறுவாழ்வு கிடைத்தது. டியூப் லைட்டின் ஒளியில் பச்சைப் பகுதி தூக்கலாக இருக்கும். அதற்குள் இருக்கும் பாதரச ஆவிதான் காரணம். அதில் எடுத்த முகங்கள் நோய் வந்தது போல் பச்சையடித்துத் தெரிவதால் போட்டோக்காரர்கள் அதை வெறுத்தார்கள். அதையே பச்சைத் துணிக்கு வைத்தால் அந்தக் குறை நிறைவாகிறது. நீளமான குழாய் என்பதால் வெளிச்சமும் சீராகப் பரவும், சூடும் குறைவு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், வீடியோ கேமராவின் ஷட்டரை 50இல் ஒரு பங்கு அல்லது 100இல் ஒரு பங்கு நொடியில் வைத்தால் சிமிட்டலும் தெரியாது.

இரண்டாவது வேலை, ஆளுக்குத் தனி விளக்கு. துணிக்கு வைத்த வெளிச்சம் ஆள் மேல் படக் கூடாது. ஆளின் வெளிச்சம் துணியில் நிழலாக விழக் கூடாது. இதற்காக ஆளைத் துணியிலிருந்து 6 முதல் 10 அடி முன்னால் நிறுத்துவார்கள். துணியின் வெளிச்சம் முகத்தின் வெளிச்சத்துக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ இருந்தால் போதும். நன்றாகப் பிரியட்டும் என்று துணியைப் பளீரென்று ஒளியேற்றினால் அது எதிர்விளைவைத்தான் தரும். அந்தப் பச்சை வெளிச்சம் துள்ளி வந்து ஆளின் கன்னத்திலும் தோளிலும் படியும். எண்ணெய் தேய்த்து வாரிய கருங்கூந்தலில் இது இன்னும் நன்றாகத் தெரியும். கறுப்பு எல்லாவற்றையும் விழுங்கினாலும், எண்ணெயின் பளபளப்பு கண்ணாடி போல் பச்சையைத் திருப்பிக் காட்டும். தலைக்குப் பின்னாலிருந்து ஒரு பேக் லைட் வைப்பது அதைக் கழுவிவிடத்தான்.

மூன்றாவது வேலை பலர் மறந்துவிடுவது. பின்னால் வரப்போகும் காட்சியை முதலிலேயே தெரிந்துகொண்டு, அதன் வெளிச்சத்துக்கு ஏற்ப ஆளுக்கு விளக்கு வைப்பது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் பின்னால் கடல் இருப்பது கிழக்கே. காலையில் அந்தப் பக்கம் பார்த்து எடுத்த படத்தில் சூரியன் கோயிலுக்குப் பின்னால் இருக்கும். அந்தப் படத்தின் முன் நிற்பவருக்கு முகத்தில் பளிச்சென்று வெளிச்சம் இருந்தால் பொருந்தாது. மாலைப் படம் என்றால் வெளிச்சம் மேற்கிலிருந்து, மஞ்சளாக, தாழ்வாக வர வேண்டும். பழைய சீனரியில் ஓவியர் தீட்டிய நிழலைப் பார்த்து விளக்கு வைத்த அதே விதி இது.

பட்டுப்புடவை வைத்த சோதனை

மேல்நாட்டுப் புத்தகங்களில், பச்சை உடை அணியாதீர்கள் என்று ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் அப்படிச் சொல்லிவிட முடியுமா? முகூர்த்தப் புடவை இலைப்பச்சையாக இருக்கும். கிளிப்பச்சை பார்டர் இருக்கும். நீலத் துணிக்கு மாறலாம் என்றால் எம்.எஸ். ப்ளூவும் மயில்கழுத்து நிறமும் குறுக்கே வரும். மயில்கழுத்துப் புடவையில் பாவும் ஊடையும் வெவ்வேறு நிறம். பார்க்கும் கோணத்துக்கேற்ப அது நீலமாகவும் பச்சையாகவும் மாறும். எந்தத் துணியின் முன்னால் நின்றாலும் புடவையின் ஒரு பகுதி காணாமல் போய், அங்கே தாஜ்மகால் தெரியும்.

சரிகையின் சங்கடம் வேறு வகை. அது கண்ணாடி போல் எதிரே இருப்பதைப் பிரதிபலிக்கும். தங்கச் சரிகை பச்சையை வாங்கிக்கொண்டால் பித்தளை போல் தெரியும். கழுத்து நகைக்கும் இதே கதிதான். கையில் வெற்றிலை, வாசலில் மாவிலைத் தோரணம், பந்தலில் வாழைமரம் என்று நம் மங்கலப் பொருள்கள் பெரும்பாலும் பச்சை. ஆகவே பச்சை, நீலம் இரண்டு துணிகளையும் வைத்திருந்து, புடவையைப் பார்த்த பிறகு எதைக் கட்டுவது என்று முடிவு செய்வதே இங்கே சரியான வழி.

எது தொலைகிறது?

இத்தனை பாடுபட்டுப் பின்னணியை நீக்கிய பிறகு நடப்பது என்ன என்பதையும் யோசிக்க வேண்டும்.

பழைய சீனரி பொய்தான். ஆனால் அது அந்த ஊரின் பொய். யாரோ ஓர் ஓவியர் தன் கையால் வரைந்தது. ஒரே மாடிப்படி பல குடும்பங்களின் படங்களில் வருவதை வைத்து, இந்தப் படம் எந்த ஸ்டுடியோவில், ஏறக்குறைய எந்தக் காலத்தில் எடுக்கப்பட்டது என்று இன்றைய ஆய்வாளர்கள் கண்டுபிடிக்க முடிகிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டுப் பழைய ஸ்டுடியோக்களின் படங்களைச் சேகரித்து டிஜிட்டலாக்கும் பணியை மேற்கொண்டது இந்தச் சான்றுகள் அழிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். துணியின் கிழிசல், தரையில் விரித்த பாய், ஓரத்தில் எட்டிப் பார்க்கும் செங்கல் சுவர் எல்லாமே அங்கே வரலாறு பேசுகின்றன.

கிரீன் மேட் படத்தில் அந்த ஓரங்கள் இருக்காது. செங்கல்பட்டில் எடுத்ததும் சிங்கப்பூரில் எடுத்ததும் அதே பனிமலையின் முன் நிற்கும். ஐம்பது ஆண்டுகள் கழித்து அந்த ஆல்பத்தைப் பார்க்கும் பேரனுக்குத் தாத்தா பாட்டியின் முகம் தெரியும். அவர்கள் எங்கே நின்றார்கள் என்பது மட்டும் தெரியாது.

இப்போது பச்சைத் துணியும் விடைபெறத் தொடங்கியிருக்கிறது. 2019இல் வந்த 'தி மேண்டலோரியன்' தொடரில் துணிக்குப் பதிலாகப் பெரிய எல்.இ.டி. சுவரில் பின்னணியையே ஓடவிட்டார்கள். சுவரின் வெளிச்சமே நடிகர் மேலும் விழுவதால் பச்சை படியும் தொல்லை இல்லை. 2020இல் வீட்டிலிருந்து வகுப்புக்கும் அலுவலகத்துக்கும் வீடியோவில் பேசியவர்கள், துணியே இல்லாமல் பின்னணியை மாற்றிக்கொண்டார்கள். ஆளின் உருவத்தை மென்பொருளே அடையாளம் கண்டு வெட்டுகிறது. ஆனாலும் முகத்தில் விழும் வெளிச்சம் பின்னணியோடு பொருந்தாவிட்டால் அந்தப் பொய் இன்றும் உடனே பிடிபடுகிறது. அந்த விதி மட்டும் மாறவே இல்லை.

மாமல்லபுரத்தில் 'அர்ச்சுனன் தபசு' என்று அழைக்கப்படும் பெரும் புடைப்புச் சிற்பம் கிழக்கு நோக்கி இருக்கிறது. ஏறக்குறைய 29 மீட்டர் நீளம், 13 மீட்டர் உயரம். காலை வெயில் அதன் மேல் விழும்போது யானையும் முனிவரும் பூனையும் பாறையிலிருந்து எழுந்து நிற்கிறார்கள். உச்சி தாண்டி நிழல் வந்ததும் மெல்லப் பாறைக்குள் திரும்பிவிடுகிறார்கள். அங்கே உருவமும் பின்னணியும் ஒரே கல். அந்தச் சிற்பிகள் உருவத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துக் காட்ட நம்பியது வெளிச்சத்தை. பச்சைத் துணிக்கு விளக்கு வைப்பவரும் நம்புவது அதையேதான். வேறுபாடு ஒன்றுதான். சிற்பியின் உருவத்தை அந்த இடத்தை விட்டு யாராலும் பெயர்த்துக்கொண்டு போக முடியாது.